மோசமான கையெழுத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? ஏனோதானோவென்று எழுதுகிறவருக்கு?

தட்டச்சுமேசை (தஞ்சாவூர்)

வணக்கம். 26 வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் கையெழுத்தைப் படிப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. தட்டுவது அப்புறம்தான். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள் என்பதால் காலை எட்டு மணிக்கே மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். மற்ற நாட்களில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு. பாமினி எழுத்துருவில் தொடங்கினேன், இப்போது எல்லாம் யூனிகோட். ஆனால் மானிட்டர் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டுகிற கையெழுத்துத் தாள் மட்டும் இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை ‘மேட்டர்’ என்போம்.

மோசமான மேட்டருக்கு எனக்குத் தெரிந்த பெயர்கள் இவை. கோழி கிளறினது. காக்கா கால். கோணல்மாணல். கிறுக்கல். டாக்டர் எழுத்து. பள்ளியில் எங்கள் கணக்கு வாத்தியார் "உன் தலையெழுத்து மாதிரியே இருக்குடா" என்று நோட்டைத் திருப்பிப் போடுவார். வீட்டுக்கு வந்து அழுதால் பாட்டி, "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது, நீ கவலைப்படாதே" என்பாள்.

இந்த மாதம் அடுத்தடுத்து வந்த இரண்டு மேட்டரைப் பார்த்த பிறகு, நம்மிடம் ஒரு சொல் குறைகிறதோ என்று தோன்றிவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதலாவது, வல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கொடுத்த 80 பக்க நோட்டு. இறந்துபோன மனைவி எழுதி வைத்த பாட்டுகள். குழந்தையைத் தூங்கவைக்கிற பாட்டு, நடவுப் பாட்டு, இரண்டு ஒப்பாரி. அந்த அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவராம். பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகமாக்கி ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்றார். நோட்டை என் கையில் கொடுக்கும்போதே, "கோழி கிளறின மாதிரி இருக்கும்மா, கோவிச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது.

எழுத்து பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. வரி மேலே ஏறும், கீழே இறங்கும். ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசமே இல்லை. ரகரத்தின் அடியில் சாய்த்து இழுக்க வேண்டிய கோட்டை அவர் எங்கேயும் இழுக்கவில்லை. லை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து, ணா, றா, னா எல்லாம் சுழித்து வளைத்தது. 1978-ல் அரசாணை போட்டு மாற்றிய எழுத்துகள் இவை. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் இதையும் கிறுக்கல் என்று சொல்லிவிடுவார்கள். நான் அந்தக் காலக் கடிதங்கள் நிறையத் தட்டியிருப்பதால் தடுமாறவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்ததும் கை பழகிவிட்டது. பழகிய பிறகு பார்த்தால், ஆச்சரியம்! ழகரம் வர வேண்டிய இடத்தில் ழகரம், இரண்டு சுழி வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. ஒரு வரி விட்டுப்போனால் ஓரத்தில் நட்சத்திரம் போட்டு எழுதிச் சேர்த்திருக்கிறார். பாட்டுக்குப் பாட்டு கோடு இழுத்துப் பிரித்திருக்கிறார். ஒரே ஒரு தப்புதான் திரும்பத் திரும்ப வந்தது: தலைப்பில் ‘தாலாட்டு’ என்பதில் ல போட வேண்டிய இடத்தில் காலை இழுத்துவிட்டார். தகரத்துக்குப் பிறகு மூன்று கால் வரிசையாக நின்றது. 11 இடம். எல்லாவற்றையும் ‘தாலாட்டு’ என்று திருத்திவிட்டேன். அதுபோக அங்கங்கே ஓரிரு சொல், அவ்வளவுதான்.

அதே வாரம் ஓர் ஆய்வேட்டு மாணவரின் மேட்டர் வந்தது. முத்து முத்தான எழுத்து, கண்ணில் ஒத்திக்கொள்ளலாம். ஆனால் மூன்று பக்கத்துக்குள் திருவையாறு, திருவையாரு, திருவய்யாறு என்று ஒரே ஊர் மூன்று விதமாக இருந்தது. மேற்கோளை எங்கிருந்து எடுத்தார் என்ற குறிப்பு இல்லை. ஒரு வாக்கியம் பாதியில் நின்று அடுத்த பத்தி தொடங்கிவிட்டது. போன் போட்டுக் கேட்டால், "நீங்களே பார்த்துப் போட்டுக்கங்க அக்கா" என்கிறார்.

ஊர் வழக்கப்படி முதலாவது கோழி கிளறினது, இரண்டாவது அழகான கையெழுத்து. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த அம்மா மெனக்கெட்டு எழுதியிருக்கிறார், இந்தத் தம்பி எழுதியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் இரண்டு கேள்வி. மோசமான கையெழுத்துக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? கை எப்படி இருந்தாலும் சரி, அக்கறையில்லாமல் எழுதுகிறவரைக் குறிக்கத் தனிச்சொல் ஏதாவது உண்டா?

---

வைகைக்கரை (மதுரை)

எங்கள் தமிழம்மா சொல்வது: "எறும்பு மைக்கூட்டுல விழுந்து எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு." பொடிப்பொடியாக எழுதினால் எறும்பு. பெரிதாக, கோடு தாண்டி எழுதினால் கோழி. இந்த வித்தியாசத்தை அவர் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. வளைத்து நெளித்து எழுதினால் புழு. யாருக்குமே புரியாவிட்டால் பிரம்மலிபி. பிரம்மா தலையில் எழுதியதை யாரும் படிக்க முடியாதில்லையா, அந்தக் கணக்கு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எங்கள் வீட்டில் "அள்ளித் தெளிச்ச எழுத்து" என்று ஒன்று உண்டு. அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலம் என்கிறோமே, அதிலிருந்து எங்கள் அப்பா எடுத்துக்கொண்டது. என் தங்கை மிக அழகாக எழுதுவாள். ஆனால் மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு எத்தனை கிலோ என்பதை விட்டுவிடுவாள். அப்பா அவள் சீட்டைத்தான் அள்ளித் தெளித்தது என்பார், என்னுடையதைச் சொன்னதில்லை. என்னுடையது கோழி.

---

நல்லூர்வீதி (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கம் நல்ல எழுத்துக்குத்தான் சரியான சொல் இருக்கிறது. அதை வைத்தே கெட்டதையும் சொல்லிவிடுவோம். நல்ல எழுத்து என்றால் ‘உறுப்பான எழுத்து’. கீழ் வகுப்புகளில் உறுப்பெழுத்துக்கென்று தனிக் கொப்பி வைத்திருப்போம். இரட்டைக் கோட்டுக்குள் ஒரே வசனத்தைப் பக்கம் முழுக்க எழுத வேண்டும். ரீச்சர் பக்கத்தில் வந்து நின்று, "உறுப்பா எழுதும், உறுப்பா எழுதும்" என்றுகொண்டே இருப்பா.

எனக்கு அந்தச் சொல்லில் பிடித்தது, அது அழகைப் பேசவில்லை என்பதுதான். எழுத்துக்கு உறுப்பு உண்டு: கால், கொம்பு, சுழி, விசிறி. அவை அவை இருக்க வேண்டிய இடத்தில் முழுசாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த எழுத்து ஊனப்பட்டுப் போகும், அல்லது வேறு எழுத்தாகிவிடும். மூன்று சுழியில் ஒன்றைக் குறைத்தால் ‘பணி’ பனியாகிவிடுகிறது. நீங்கள் சொன்ன அம்மாவின் ரகரத்துக்கு உறுப்பு ஒன்று குறைகிறது, உண்மைதான். ஆனால் அவர் ஒரு சொல்லையும் விழுங்கவில்லையே.

கெட்ட எழுத்துக்குக் கோழி கிண்டினது என்போம். உங்கள் ஊரில் கிளறினது, எங்களுக்குக் கிண்டினது. இரண்டு பக்கமும் கோழி ஒன்றுதான். அப்புறம் இன்னொன்று, எங்களுக்குக் ‘கீறுவது’ என்றால் படம் வரைவது. அதனால் "என்ன கீறி வைச்சிருக்கிறாய்?" என்று எழுதின பிள்ளையிடம் கேட்டால், நீ எழுதவில்லை, ஏதோ படம் போட்டிருக்கிறாய் என்று பொருள். அம்மா கேட்டால் இதுதான் அதிகம் நோகும்.

---

பீச்சாங்கை (திருச்சி)

எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே வயிறு கலங்கும். நான் இடது கைக்காரி. எங்கள் வீட்டில் பீச்சாங்கை என்பார்கள், அம்மா பிறந்த ஊரில் நொட்டாங்கை. பென்சில் வரை பரவாயில்லை. ஆறாம் வகுப்பில் மைப்பேனா கொடுத்தார்கள். நம் எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது, இடது கைக்காரர் எழுதினால் எழுதி முடித்த ஈர எழுத்தின் மேலேயே கை நகரும். பக்கம் முழுக்க ஊதா நிறத்தில் இழுவிவிடும். சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை எப்போதும் மையாகவே இருக்கும். "சோத்தாங்கையில எழுது, தன்னால சரியாகும்" என்று மூன்று வருடம் கட்டாயப்படுத்தினார்கள். வலது கையில் எழுதியது கோழியைவிட மோசம்.

அந்த மூன்று வருடமும் என் ரிப்போர்ட் கார்டில் வந்த சொல் ‘கவனக்குறைவு’. நான் வகுப்பில் யாரையும்விடக் கவனமாக எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பிறகு கையைத் தூக்கி, காயட்டும் என்று காத்திருந்து எழுதினேன். அதனால் மெதுவாகி, பரீட்சையில் கடைசிக் கேள்வி எப்போதும் விட்டுப்போகும். கையெழுத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்கிற பழக்கத்தை விட்டாலே போதும் என்று இருக்கிறது எனக்கு. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி அக்கா.

---

தட்டச்சுமேசை

பீச்சாங்கை, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். என் கடைக்கு வருகிற மனுக்களில் வலது பக்கமாக இழுவியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தாள் நனைந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்லூர்வீதி, ‘உறுப்பான எழுத்து’ இந்தப் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இனிமேல் நான் சொல்வேன்.

---

மாத்திரைப்பெட்டி (ஈரோடு)

மருந்துக்கடை வைத்து 19 வருடம். டாக்டர் எழுத்து என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், சீட்டைக் கையில் வாங்குகிற எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. இன்சுலின் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் என்பதற்குச் சுருக்கமாக ஆங்கில யூ ஒன்றை எண்ணுக்கு ஒட்டினாற்போலப் போடுவார்கள். அந்த யூ மேலே கொஞ்சம் மூடிக்கொண்டால் சைபர். 4 யூனிட் 40 ஆகிவிடும். அதனால்தான் யூனிட் என்று முழுசாக எழுத வேண்டும் என்று பாடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அப்புறம் ‘ஓ.டி.’ என்ற இரண்டெழுத்து. பொது டாக்டர் எழுதினால் தினம் ஒரு வேளை. கண் டாக்டர் எழுதினால் வலது கண். சொட்டு மருந்துச் சீட்டில் இது வந்தால், எழுதியது யார் என்று பார்க்காமல் நான் பாட்டிலை எடுப்பதில்லை.

மருந்துப் பெயரைப் புரிகிற மாதிரி, முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்திவிட்டது. எங்கள் பகுதியில் பாதிப் பேர் இப்போது கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடித்துக் கொடுத்த சீட்டிலும் ஏனோதானோ உண்டு. மாத்திரைப் பெயர் பளிச்சென்று இருக்கும், எத்தனை நாளைக்கு என்பது இருக்காது. குழந்தைக்கான மருந்தில் எடை இருக்காது.

எங்கள் தெருவில் முன்பு ஒரு வயதான டாக்டர் இருந்தார். அவர் எழுத்தை நானும் என் கடைப் பையனும் தவிர ஊரில் ஒருவராலும் படிக்க முடியாது. ஆனால் வேளைக்கு நேராக மூன்று வட்டம் போட்டு, சாப்பிட வேண்டிய வேளையின் வட்டத்தை மட்டும் நிரப்பிவிடுவார். படிக்கத் தெரியாத பாட்டிகூட அதைப் பார்த்துச் சரியாகச் சாப்பிடும். பிரிக்க முடியாத மாத்திரை என்றால் பக்கத்தில் ஒரு கோடு. சந்தேகம் என்று போன் போட்டால் இரவு பதினொன்றுக்கும் எடுப்பார். அவரை ‘அக்கறையில்லாதவர்’ என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன். கெட்ட எழுத்து, ஆனால் பொறுப்பான ஆள்.

தனிச்சொல் கேட்டீர்கள். கடையில் நாங்கள் "கடனேன்னு எழுதின சீட்டு" என்போம். அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

---

சுவடிக்கட்டு (கும்பகோணம்)

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். சுவடி படிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டச்சுமேசை அம்மா கேட்கிற சொல் பழமொழியாகவே இருக்கிறது: "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்." முதல் பாதி ஏனோதானோவென்று எழுதுகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும். ‘ஏட்டைக் கெடுத்தவன்’ என்று சொல்லிப் பாருங்கள், இதில் எழுத்து அழகா இல்லையா என்ற பேச்சே கிடையாது. ஏட்டில் இருந்த பொருள் கெட்டுப்போயிற்றா என்பது மட்டுமே.

ஓலைச்சுவடியைப் பார்த்தால் இன்றைக்கு யாரும் கிறுக்கல் என்றுதான் சொல்வார்கள். இடது கை ஓலையை நகர்த்த, வலது கை எழுத்தாணியை அழுத்த, மை தடவும் வரை கீறல் சரியாகக் கண்ணுக்குக்கூடத் தெரியாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது, எகர ஒகரக் குறிலுக்கும் அப்படியே. ஓலையில் புள்ளி வைத்தால் பொத்துப் போகும் என்று எழுதினவர்கள் விட்டுவிட்டார்கள். அதனால் எ எது, ஏ எது என்று சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் ஏகார ஓகாரத்துக்கு வேறு வடிவம் கொடுத்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. செய்யுளைக்கூட அடி பிரிக்காமல் ஓலை முடிகிற வரை ஓட்டமாக எழுதிப் போவார்கள். பாட்டு எழுதிய அந்த அம்மாவின் நோட்டில் ரகரமும் காலும் ஒன்றாக இருப்பதாகச் சொன்னீர்களே, சுவடியிலும் அதே கதைதான். நான் ஒரு சுவடியில் ‘காரணம்’ என்ற சொல்லைப் படிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

பழைய ஏடுகளில் இப்படி ஒரு வேண்டுகோள் எழுதி வைப்பதுண்டு: "குற்றம் களைந்து குறைபெய்து வாசித்தல் கற்றறிந்த மாந்தர் கடன்." என் பிழையை நீக்கி, குறையை நிரப்பி வாசியுங்கள் என்று படிப்பவரைக் கேட்டுக்கொள்கிறார்கள். பணிவான வார்த்தை. ஆனால் இந்த அனுமதியை வைத்துக்கொண்டுதான் பெரிய சேதமும் நடந்தது. படியெடுக்க உட்கார்ந்தவருக்குத் தெரியாத சொல் வந்தால், முன்னோர் தப்பாக எழுதிவிட்டார் என்று தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுவிடுவார். எழுத்து மிக அழகாக இருக்கும். மூலச்சொல் போய்விட்டிருக்கும். அடுத்துப் படியெடுப்பவருக்கு அது போன சுவடே தெரியாது.

உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை 1894-ல் அச்சிட்டபோது, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் கொடுத்தார். தனக்குச் சரி என்று பட்டதை மேலே வைத்தாலும் மற்றதைத் தூக்கி எறியவில்லை. என்னைக் கேட்டால், அக்கறை என்பதற்கு அந்த அடிக்குறிப்பைத்தான் காட்டுவேன்.

ஒரு சந்தேகம் கேட்கலாமா? பழமொழியின் இரண்டாம் பாதி நினைவுக்கு வந்ததால் கேட்கிறேன். 11 இடத்தில் ஒரே மாதிரி தப்பு என்றீர்கள். மற்ற இடமெல்லாம் அவ்வளவு சரியாக எழுதுகிறவர், ஒரு சொல்லை மட்டும் 11 தடவையும் மாறாமல் தப்பாக எழுதுவாரா?

---

வேணாட்டுக்காரி (நாகர்கோவில்)

சுவடிக்கட்டு ஐயா கேட்டதையேதான் நானும் கேட்க வந்தேன். தட்டச்சுமேசை அக்கா, தகரத்துக்குப் பிறகு மூன்று கால் என்றீர்கள். அந்த அம்மாவுக்கு ரகரமும் காலும் ஒன்று என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் நடுவில் இருப்பது கால் இல்லை, ர. தா, ரா, ட்டு. தாராட்டு!

எங்கள் பக்கம் தாலாட்டுக்குத் தாராட்டு என்று சொல்வார்கள். மலையாளத்திலும் தாராட்டுதான். 1956 நவம்பர் 1-ம் தேதி வரை நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், பேச்சில் பாதி அந்தப் பக்கத்துச் சொல்தான். என் அம்மைக்கு இன்றைக்கும் ‘தாலாட்டு’ என்றால் அது சினிமாக்காரர்கள் சொல்வது.

அந்த அம்மா எந்த ஊர்க்காரர் என்று பெரியவரிடம் கேட்டீர்களா? எங்கள் ஊர்ப் பெண்ணாக இருந்தால் நோட்டில் இன்னும் சில சொல் இருக்கும். குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்போம். பூனையைப் பூச்சை என்போம். பலாப்பழம் சக்கை. "அங்கங்கே ஓரிரு சொல்" திருத்தினதாகச் சொன்னீர்களே, அவை என்னென்ன? கோபமாகக் கேட்கவில்லை அக்கா. எங்கள் ஊர்ச் சொல் எழுத்தில் கிடைப்பதே அபூர்வம், அதனால்தான்.

---

தட்டச்சுமேசை

நேற்று இரவு வேணாட்டுக்காரியின் பதிலைப் பார்த்ததும் கடையைத் திறந்து நோட்டை எடுத்தேன். வீட்டுக்குக் கீழேதான் கடை.

தாராட்டு. 11 இடமும் தாராட்டுதான். மூன்று கோடும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி ‘ஆராரோ’ என்று இருக்கிறது. அங்கேயும் கால் போலவே இருக்கிற கோடுகளை நான் தயங்காமல் ர என்று படித்திருக்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல் எனக்குத் தெரியும். தாராட்டு தெரியாது. தெரியாததால் அவர் தப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் அந்த ‘ஓரிரு சொல்’. கணினியில் இருப்பதையும் நோட்டையும் வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன், விடிய இரண்டு மணி ஆயிற்று. பிள்ளைக்குக் ‘குடிக்க வெள்ளம்’ கொடுப்பதாக ஒரு வரி. ளகரம் லகரம் மாறிவிட்டது என்று ‘குடிக்க வெல்லம்’ ஆக்கியிருந்தேன். வெல்லத்தை எப்படிக் குடிப்பது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ‘பூச்சை வருது’ என்று பயங்காட்டித் தூங்கவைக்கிற வரியில் ‘பூச்சி வருது’ என்று போட்டிருக்கிறேன். நல்லவேளை, சக்கையில் கைவைக்கவில்லை. அந்த அம்மா ‘வெள்ளம்’ என்பதில் ளகரத்தின் சுழியைச் சற்று அழுத்தியே எழுதியிருக்கிறார், இப்போது பார்த்தால் தெரிகிறது. ஐயா சொன்ன பழமொழியின் இரண்டாம் பாதி எனக்குத்தான்.

காலையில் பெரியவருக்குப் போன் போட்டேன். கேட்டதும் சொல்லிவிட்டார், அந்த அம்மா கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம். இவர் அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டு வந்தாராம். போன வாரம் நான் கொடுத்த பிரிண்ட் அவுட்டில் தாலாட்டு என்று இருந்ததே, கவனிக்கவில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பார்த்தேம்மா. அவ தாராட்டுன்னுதான் சொல்லுவா. படிச்சவங்க திருத்தினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

மதியத்துக்குள் 11 இடத்தையும் மாற்றினேன். வெள்ளமும் பூச்சையும் திரும்ப வந்துவிட்டன. தஞ்சாவூரில் வளர்கிற பேரப்பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் பொருள் போட்டிருக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று ஐயாவின் பதிலில் இருந்துதான் எடுத்துக்கொண்டேன். ‘தாராட்டு’ என்ற தலைப்பை மட்டும் நான் தட்டவில்லை. நோட்டிலிருந்து அவர் கையெழுத்தையே ஸ்கேன் செய்து வைத்துவிட்டேன், அந்த மூன்று கோட்டோடு.

வேணாட்டுக்காரி, 23-ம் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. தொட்டிலுக்கு முன்னால் வருகிறது. நாலு எழுத்து. முதல் எழுத்து ‘க’ அல்லது ‘சு’, மூன்றாவது எழுத்து கால் அல்லது ர. நான் எதையும் ஊகிக்கப் போவதில்லை. இன்று மாலை படம் எடுத்துப் போடுகிறேன், உங்கள் அம்மையிடம் ஒரு தடவை காட்டிக் கேட்டுச் சொல்ல முடியுமா?